மணக்கடவுத் தண்ணீரும் ஹைல்பிரோன் பேப்பரும்

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது சித்தி மகள் ஒரு கேள்வி கேட்டாள். நர்சிங் முடித்து, பாலக்காட்டில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நோர்க்கா வழியாக ஜெர்மனி கிளம்பிக்கொண்டிருக்கிறாள். 'ட்ரிபிள் வின்' என்ற பெயரில் 2021-ல் வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான கேரள அரசு அமைப்பான நோர்க்காவும் ஜெர்மன் அரசின் வேலைவாய்ப்பு நிறுவனமும் செய்துகொண்ட ஏற்பாடு அது. குளிருக்கு என்ன சட்டை, குக்கர் எடுத்துப் போகலாமா, அரப்புப் பொடியை விமானத்தில் விடுவார்களா என்றெல்லாம் பேசி முடித்த பிறகு, திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "அக்கா, அங்க போனா எந்தப் பேப்பர் படிக்கறது? எதை நம்பறது?"

ஏழு வருடத்துக்கு முன்னால் நான் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது எனக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் முதல் இரண்டு வருடம் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு அவளுக்கு அரைகுறையாக ஏதோ சொன்னேன். முழுசாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இதில் தெரிந்ததில் பாதி அப்புச்சியிடம், அதாவது அம்மாவின் அப்பாவிடம், கற்றது. அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் சித்தூர் தாலுகாவில், மீனாட்சிபுரம் எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. செக்போஸ்ட்டைத் தாண்டினால் பொள்ளாச்சிப் பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழில். நான் படித்தது கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளிக்கூடம். மலையாளம் அங்கே ஒரு பாடம். அப்புச்சிக்குத் தென்னையும் கொஞ்சம் நெல்லும் இருந்தது. மூலத்தரை அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் நெல்.

அந்தத் தண்ணீர் தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக 1970-ல் இரண்டு மாநிலங்களும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி, வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். ஆழியாறு அணையில் திறப்பது ஆற்றோடு வந்து, மணக்கடவில் அளந்து, எல்லை தாண்டி, மூலத்தரைக்கு வரும். சித்தூர்க்காரர்களுக்கு இந்த 7.25 என்ற எண் குலசாமி பேர் மாதிரி. படிக்காதவர்களுக்கும் தெரியும்.

அப்புச்சி தமிழ் எழுத்துக்கூட்டாமல் படிப்பார். மலையாளம் பேசுவார், எழுத்து தெரியாது. எங்கள் ஊர் சலூனில் கோவைப் பதிப்புத் தமிழ்ப் பேப்பர் ஒன்றும் பாலக்காட்டுப் பதிப்பு மலையாளப் பேப்பர் ஒன்றும் வரும். தமிழை அங்கேயே படித்துவிடுவார். மலையாளத்தை மறுநாள் கேட்டு வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வருவார். சாயங்காலம் நான் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கு உரக்கப் படிக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. கூட்டெழுத்து வந்தால் தடுமாறுவேன். அவர் அவசரப்படுத்தவே மாட்டார். "அது கெடக்குது அம்மிணி, அடுத்த வரிக்குப் போ" என்பார்.

ஒரு வறட்சி வருடம். தமிழ்ப் பேப்பரில் 'கேரளாவுக்குத் தண்ணீர் திறப்பு' என்று படத்தோடு வந்திருந்தது. மதகிலிருந்து நுரைத்துக்கொண்டு வரும் தண்ணீர். அதே நாள் மலையாளப் பேப்பரில், தமிழ்நாடு தண்ணீர் தரவில்லை, சித்தூரில் பயிர் கருகுகிறது என்று வெடித்த வயலின் படம். நான் இரண்டையும் வைத்துக்கொண்டு, "எது அப்புச்சி பொய்?" என்று கேட்டேன்.

அவர் அன்று விடியற்காலையிலேயே சைக்கிளில் மூலத்தரை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "ரெண்டும் பொய்யில்ல கண்ணு. ஒருத்தன் மதகுல நின்னு எழுதறான். ஒருத்தன் வயல்ல நின்னு எழுதறான். நடுவுல ஒரு ஆறு இருக்குதே, அதுல யாரும் எறங்கல."

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் பேப்பரில் வந்தது, மறுபக்கம் தான் பார்த்தது. தண்ணீர் மட்டும் இல்லை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் தேங்காய் விலை, எங்கள் சாலையில் நடந்த விபத்தில் எத்தனை பேருக்கு அடி, வேட்டைக்கொருமகன் கோவில் திருவிழாவில் யானை மிரண்டதா இல்லையா. கண்ணால் பார்த்த சின்னச் சின்ன விஷயங்கள். வருடக் கணக்கில் எழுதிவைத்து, எந்தப் பேப்பர் எந்த விஷயத்தில் எவ்வளவு சரி என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. தண்ணீர்ச் செய்திக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, சாவுச் செய்திக்கு ஒன்று. டெல்லிச் செய்தியை அவரால் சோதிக்க முடியாது. ஆனால் மூலத்தரையைப் பற்றிச் சரியாக எழுதுகிறவன் டெல்லியைப் பற்றியும் கொஞ்சம் விசாரித்துத்தான் எழுதுவான் என்பது அவர் எண்ணம். இன்றைக்கும் எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் செய்வார். மார்ச் மாதம் பிறந்ததும் பேப்பரில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் உரிமையாளர் விவர அறிக்கை ஒன்று வரும். அப்போது இருந்த 1956-ம் வருட விதிகளின்படி, பிப்ரவரி முடிந்த பிறகு வரும் முதல் இதழில் எல்லாப் பத்திரிகையும் அதைப் போட வேண்டியிருந்தது: அச்சிடுகிறவர் யார், ஆசிரியர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கிறவர்கள் யார் யார். பெரும்பாலானவர்கள் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புச்சி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார். நிலம் வாங்குகிறவன் பத்திரத்தைப் பார்ப்பதைப் போல.

எல்லைக்காரர்களுக்கு இந்தப் பழக்கம் வருவதில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பக்கத்துப் பத்திரிகைகளின் பிறப்பிலேயே எல்லை இருக்கிறது. தினமலர் 1951 செப்டம்பர் 6-ம் தேதி தொடங்கியது திருவனந்தபுரத்தில். திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்ற போராட்டக் காலம் அது. 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அடுத்த வருடமே பத்திரிகை திருநெல்வேலிக்குப் போனது. அதற்கும் முன்னால், 1910 செப்டம்பரில், 'சுதேசாபிமானி' ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையைத் திருவிதாங்கூர் அரசு நாடு கடத்தியது. திவானை எதிர்த்து எழுதினார் என்பதுதான் குற்றம். அச்சகத்தைப் பூட்டி, அவரை எல்லை தாண்டித் திருநெல்வேலிப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு சில காலம் பாலக்காட்டில் தரவத்து அம்மாளு அம்மா அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். ஒரு பேப்பர் எங்கே பிறந்தது, யாரிடம் அடி வாங்கியது, யார் வீட்டில் சோறு சாப்பிட்டது என்று தெரிந்தால் அதைப் படிக்கும் விதமே வேறாகிவிடும்.

அப்புச்சியின் நோட்டுக்கு வந்த பெரிய சோதனை பிளாச்சிமடை. எங்கள் பெருமாட்டிப் பஞ்சாயத்தில்தான் இருக்கிறது. 2000-ல் அங்கே ஒரு குளிர்பான ஆலை வந்தது. 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். மயிலம்மா என்ற இரவாளர் பெண் அதன் முகமானார். தமிழ் பேசுகிற மக்கள் அவர்கள். 2003 ஜூலையில் பிபிசி வானொலி அங்கிருந்து கழிவு மண்ணை எடுத்துப் போய்ச் சோதித்து, காட்மியமும் ஈயமும் இருக்கின்றன என்று அறிவித்தது. அந்தக் கழிவைத்தான் உரம் என்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

மலையாளத்தில் மாத்ருபூமி இந்தப் போராட்டத்தோடு உறுதியாக நின்றது. அதன் தலைமையில் இருந்த எம்.பி. வீரேந்திரகுமார் ஜனதா தளத் தலைவர். பெருமாட்டிப் பஞ்சாயத்தை ஆண்டதும் அதே கட்சி. ஊரில் பலர், "அவுங்க கட்சிப் பஞ்சாயத்து, அதான் எழுதறாங்க" என்று சொன்னார்கள். அப்புச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "பக்கம் சாஞ்சு நிக்கறது வேற, பொய் சொல்றது வேற. கெணத்துத் தண்ணியில சோறு வெந்தா மஞ்சளாப் போகுதுன்னு எழுதியிருக்கான். போய்ப் பார்த்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றார். போய்ப் பார்த்தும் வந்தார். சாய்வு இல்லாத பேப்பர் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் தேட வேண்டியதுதான். எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்தால் போதும், நாம் அதற்கேற்றபடி நின்று பார்த்துக்கொள்ளலாம். பொய் அப்படி இல்லை.

சரி, ஜெர்மனிக்கு வருகிறேன்.

நான் இருப்பது ஹைல்பிரோன். ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே, நெக்கர் ஆற்றங்கரையில். அங்கே போனதும் வீட்டுக்கு வந்த முதல் கடிதங்களில் ஒன்று வானொலி–தொலைக்காட்சிக் கட்டணம் கட்டச் சொல்லி வந்தது. டிவி இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு வீடும் கட்ட வேண்டும். 2021 ஆகஸ்ட் முதல் மாதம் 18.36 யூரோ. முதலில் எரிச்சலாக இருந்தது. அந்தப் பணத்தில்தான் அரசாங்கத்தின் கைக்கு வெளியே ஒலிபரப்பு நிறுவனங்கள் நடக்கின்றன, எங்கள் ஊரிலேயே அவற்றில் ஒன்றான எஸ்டபிள்யூஆருக்கு ஒரு செய்திப் பிரிவு இருக்கிறது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு வருடம் நான் உள்ளூர்ச் செய்தி எதுவும் படிக்கவில்லை. ஊர்ச் செய்திக்குத் தமிழ், மலையாளத் தளங்கள். ஜெர்மனி பற்றி ஆங்கிலத்தில் வருவது. மற்றதெல்லாம் இந்தியர்களின் வாட்ஸ்அப் குழு. பெர்லினில் என்ன நடக்கிறது என்று தெரியும், பொள்ளாச்சியில் என்ன நடக்கிறது என்று தெரியும். என் தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாது.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

காலையில் கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி, எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், கோட்டுப் போட்டு, கையில் சின்னப் பையோடு நின்றார். வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்: குண்டு. போன் எடுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் நாற்பது செய்திகள். ரயில் நிலையத்தில் தாக்குதல் என்று ஒருவர். ஊரையே மூடிவிட்டார்கள் என்று ஒருவர். யாரும் வெளியே போகாதீர்கள், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருங்கள் என்று பலர். எனக்குக் கை நடுங்கியது. பாட்டியை உள்ளே வரச்சொல்லிக் கதவைச் சாத்தப் பார்த்தேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து முந்தின நாள் பேப்பரை எடுத்து விரித்தார். நடுப்பக்கத்தில் எங்கள் பகுதி வரைபடம். ஒரு வட்டம். வட்டத்துக்குள் வரும் தெருக்களின் பெயர் ஒவ்வொன்றாக, எங்கள் தெருவும். எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம், நடக்க முடியாதவர்கள் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும். கட்டட வேலைக்குத் தோண்டியபோது இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைச் செயலிழக்கச் செய்யப் போகிறார்கள். அவ்வளவுதான். எல்லோரும் வெளியே போக வேண்டிய நேரத்தில், உள்ளேயே இருங்கள் என்று சொன்ன நாற்பது பேரை நம்பி நான் கதவைப் பூட்டப் போனேன்.

பள்ளிக்கூட ஹாலில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தபோது பாட்டி மெதுவாக, எனக்குப் புரிகிற வேகத்தில் சொன்னார். 1944 டிசம்பர் 4 இரவு ஹைல்பிரோன் மேல் குண்டு போட்டார்கள். ஏறக்குறைய 6,500 பேர் ஒரே இரவில் செத்தார்கள். அவருடைய அம்மா அன்று ஒரு நிலவறையிலிருந்து தப்பி வந்தவர். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கின்றன. இந்த ஊரில் உள்ளூர்ப் பேப்பர் படிக்காமல் எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் பேக்கரியில் ரொட்டியோடு சேர்த்து 'ஹைல்பிரோனர் ஷ்டிம்மெ' வாங்கினேன். ஹைல்பிரோனின் குரல் என்று அர்த்தம். அன்று சாயங்காலம் ஒரு பத்தி படிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கூட்டுச்சொல் வந்து வழியை அடைக்கும்போதெல்லாம், "அது கெடக்குது அம்மிணி" என்று காதுக்குள் கேட்டது.

அப்புச்சியின் நோட்டை அங்கே மறுபடியும் தொடங்கினேன். எங்கள் பகுதியில் ஒரு பஸ் நிறுத்தத்தை எடுப்பது பற்றி நகராட்சி கூட்டிய கூட்டத்துக்கு நானே போய் உட்கார்ந்தேன். பாதிதான் புரிந்தது. யார் யார் பேசினார்கள், என்ன முடிவு என்று எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் வந்தது. பேசியவர்களின் பெயர், எதிர்த்தவர்கள் சொன்ன காரணம், முடிவு தள்ளிப்போனது, எல்லாம் நான் பார்த்தபடி. எனக்குப் புரியாமல் போன பாதியும் அதில் இருந்தது. அன்றைக்கு அந்தப் பேப்பர் மேல் வந்த நம்பிக்கை எந்த விருதுப் பட்டியலைப் பார்த்தும் வந்திருக்காது.

அந்தப் பேப்பரின் பிறப்பையும் தேடிப் பார்த்தேன். 1946-ல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் கொடுத்த உரிமத்தில் தொடங்கியது. போர் முடிந்ததும் நாஜிக் காலத்துப் பத்திரிகைகளை நேச நாடுகள் மூடிவிட்டன; கறை படியாதவர்கள் என்று விசாரித்துத் தெரிந்தவர்களுக்கு மட்டும் பத்திரிகை நடத்த உரிமம் கொடுத்தார்கள். மியூனிக்கில் 1945 அக்டோபரில் அப்படித் தொடங்கிய ஜூட்டாய்ச்செ ட்சைட்டுங்கின் முதல் இதழுக்கான அச்சுத் தகட்டை, ஹிட்லரின் புத்தகத்தை அச்சிட்ட ஈயத் தகடுகளை உருக்கித்தான் வார்த்தார்களாம். 1949-ல் உரிம முறை போய்விட்டது. இன்று அங்கே பத்திரிகை தொடங்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் யார் பொறுப்பு என்பதைப் பெயர், முகவரியோடு போட்டே ஆக வேண்டும். 'இம்ப்ரெசும்' என்ற அந்தப் பெட்டி பேப்பரிலும் இருக்கும், இணையதளத்திலும் இருக்கும். சித்தி மகளிடம் நான் முதலில் சொன்னது இதைத்தான்: ஒரு செய்தித் தளத்தைப் பார்த்ததும் கீழே போய் இம்ப்ரெசும் தேடு. இல்லையென்றாலோ, ஏதோ ஒரு தீவில் ஒரு தபால் பெட்டி எண் மட்டும் இருந்தாலோ, அந்தப் பக்கத்தை மூடிவிடு.

செய்தியின் தலைப்பிலோ கடைசியிலோ வரும் சின்ன எழுத்துகளையும் பார்க்கச் சொன்னேன். டிபிஏ என்றிருந்தால் செய்தி நிறுவனத்திலிருந்து வாங்கியது. பெயரோ, பெயரின் முதலெழுத்துகளோ இருந்தால் உள்ளூர் நிருபர். நம் பக்கம் 'நமது நிருபர்', மலையாளத்தில் 'ஸ்வந்தம் லேககன்' என்று வருவதைப் போல. பல சின்ன ஊர்ப் பத்திரிகைகளில் உள்ளூர்ப் பக்கம் மட்டும்தான் சொந்தச் சரக்கு. தேசிய, உலகப் பக்கங்கள் வேறு ஊர் அலுவலகத்தில் தயாராகி வரும். எந்தப் பக்கத்துக்காகக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. 'அன்ட்சைகெ' என்று மேலே இருந்தால் அது விளம்பரம். செய்தி மாதிரியே இருந்தாலும் அப்படிப் போட வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்ட விவகாரத்தை பிரஸ் கவுன்சிலே விசாரித்தது. ஊர்ப்பக்கத்தில் பேப்பர் போடும் ஏஜென்ட்டே செய்தியும் அனுப்பி விளம்பரமும் பிடிக்கும் நிலைமை நமக்குத் தெரியும். அதனால் அந்த ஒரு சொல்லின் மதிப்பு நமக்கு நன்றாகவே புரியும்.

ஆனால் ஜெர்மனியில் ஒரு பெரிய குறை உண்டு, அதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஊர் சலூனில் ஒரே நாளில் இரண்டு பேப்பர், பஞ்சாயத்து வாசகசாலையில் நாலைந்து. தேசாபிமானியை மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் படிக்கிறார்கள், மனோரமாவை மற்றவர்கள் படிக்கிறார்கள், நடுவில் சண்டை நடக்கிறது, சண்டையில் உண்மை கொஞ்சம் வெளியே வருகிறது. ஜெர்மனியில் பல மாவட்டங்களில் உள்ளூர்ப் பேப்பர் ஒன்றே ஒன்றுதான். ஒப்பிட இன்னொன்று கிடையாது. அது எவ்வளவு நல்ல பேப்பராக இருந்தாலும், அது எழுதாமல் விட்டது எது என்று நமக்கு எப்படித் தெரியும்?

அதற்கு நான் கண்டுபிடித்த வழி, ஆற்றில் இறங்குவதுதான். போலீஸ் தன் செய்திக் குறிப்புகளைத் தினமும் இணையத்தில் போடுகிறது. நகர மன்றத்தின் தீர்மானங்கள், கூட்ட ஆவணங்கள் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. வாரத்தில் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு மூலத்தோடு வைத்துப் பார்ப்பேன். போலீஸ் குறிப்பை அப்படியே இறக்கியிருக்கிறார்களா, இல்லை யாராவது அந்தத் தெருவுக்குப் போய் அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார்களா? மேயர் சொன்னது மட்டும் இருக்கிறதா, எதிர்த்து ஓட்டுப் போட்டவர் பேச்சும் இருக்கிறதா? மொழிக்கும் இது நல்ல பயிற்சி. ஒரே விஷயத்தை இரண்டு நடையில் படித்தால் மூன்றாவது தடவை அகராதி வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் இதில் குழம்புகிறார்கள். தபால் பெட்டியில் இலவசமாக இரண்டு வகைத் தாள் விழும். ஒன்று, கடை விளம்பரங்களுக்கு நடுவே கொஞ்சம் செய்தி வைத்த வாராந்தரி. இன்னொன்று நகராட்சியே போடும் அறிவிப்பு இதழ். இரண்டாவது மிகவும் உபயோகமானது. குப்பை எடுக்கும் நாள், அலுவலக நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும். ஆனால் அது பத்திரிகை இல்லை. எங்களுக்குக் கிழக்கே கிரைல்ஸ்ஹைம் என்ற ஊரில் நகராட்சி தன் இதழைப் பத்திரிகை போலவே பெரிதாக்கி வீடு வீடாக இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. அந்த ஊர்ப் பத்திரிகையை நடத்தும் நிறுவனம் வழக்குப் போட்டது. 2018 டிசம்பர் 20-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் நகராட்சிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: பத்திரிகை அரசிடமிருந்து விலகி இருக்க வேண்டும், நகராட்சி தன் வேலையைப் பற்றி அறிவிக்கலாம், பத்திரிகையின் இடத்தில் போய் உட்காரக் கூடாது. நம் ஊரில் பஞ்சாயத்தே தினமும் இலவசமாகப் பேப்பர் போட்டால் வேண்டாம் என்று யார் சொல்வோம்? அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று நெடுநேரம் அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதே 2018 டிசம்பரில்தான் டேர் ஷ்பீகல் வாரப் பத்திரிகையின் நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் பல கட்டுரைகளைக் கற்பனையில் எழுதியது வெளியே வந்தது. சரிபார்ப்பதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கும், உலகம் மதிக்கும் பத்திரிகை அது. அவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சின்ன ஊரைப் பற்றி 2017-ல் எழுதியிருந்தார். ஊர் எல்லையில் இல்லாத ஒரு பலகையை இருப்பதாக எழுதினார். அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர் கட்டுரையை வரி வரியாக எடுத்து, இது இல்லை, இது நடக்கவில்லை என்று பட்டியல் போட்டு வெளியிட்டார்கள். அப்புச்சியின் நோட்டுதான், வேறென்ன? ஹாம்பர்கில் உட்கார்ந்து சரிபார்த்தவர்களுக்குத் தெரியாதது அந்தத் தெருவில் நடக்கிறவர்களுக்குத் தெரிந்தது. ஷ்பீகல் பிறகு தானே அந்த மோசடியை அட்டைப்படமாகப் போட்டு, எங்கே தவறினோம் என்று விரிவாக எழுதியது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

தவறு செய்யாத பேப்பர் கிடையாது. திருத்தத்தை எங்கே போடுகிறது என்று பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் தப்பாகப் போட்டுவிட்டுப் பதினோராம் பக்கத்தில் கடுகளவு திருத்தம் போடுவது எங்கும் உண்டு. ஜெர்மனியில் பாதிக்கப்பட்டவர் தன் மறுப்பைக் கொடுத்தால், மூலச் செய்தி வந்த அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று மாநிலப் பத்திரிகைச் சட்டமே சொல்கிறது. 1956-ல் தொடங்கிய பத்திரிகை மன்றம் ஒன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதற்குப் புகார் எழுதலாம், குடியுரிமை வேண்டாம், காசும் வேண்டாம். கடுமையான கண்டனம் வந்தால் அதைப் பத்திரிகை தன் பக்கத்திலேயே வெளியிட வேண்டும் என்பது முறை. புதிதாகப் போகிற ஊரின் பேப்பர் பெயரை அந்தக் கண்டனப் பட்டியலில் ஒருமுறை தேடிப் பார்த்தால் நிறையத் தெரியும்.

ஸ்டுட்கார்ட்டில் நான் அரிசி வாங்கும் கடையை நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக ஜெர்மனியில் இருக்கிறார். காலையில் கடை திறந்ததும் முதல் வேலை யாழ்ப்பாணத்து 'உதயன்' படிப்பது. ஏன் அண்ணை, இவ்வளவு வருடம் கழித்தும் என்று கேட்டேன். "அது சனத்தை விட்டிட்டு ஓடேல்லத் தங்கச்சி" என்றார். 1985-ல் தொடங்கிய பத்திரிகை. 2006 மே 2-ம் தேதி அதன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இரண்டு பேர் செத்தார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். போர் முடியும் வரை அங்கேயே இருந்து வந்துகொண்டிருந்தது. அவர் நம்பிக்கையை அளக்கும் படி வேறு. எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

சித்தி மகளுக்கு இவ்வளவும் சொன்னேனா என்றால் இல்லை. அவளுக்கு உடனே வேண்டியதைச் சொன்னேன். சந்தா கட்டக் காசு இல்லாத முதல் மாதங்களில் ஊர் நூலகத்தில் அட்டை எடு. பல நூலகங்களில் அந்த அட்டை இருந்தால் வீட்டிலிருந்தே நூற்றுக்கணக்கான பத்திரிகைகளைப் படிக்கலாம். டாய்ச்செ வெல்லெ என்ற ஒலிபரப்பு நிறுவனத்தில் நிறுத்தி நிதானமாக வாசிக்கும் செய்தி உண்டு, பஸ்ஸில் போகும்போது கேள். டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி எளிய ஜெர்மனில் செய்தி எழுதுகிறது, பி1 நிலை வரை ஜெர்மன் படித்தவளுக்கு அது போதும். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களிடம் என்ன படிக்கிறீர்கள் என்று கேள். பிறகு அவர்கள் தன் ஆஸ்பத்திரியைப் பற்றி அந்தப் பேப்பரில் வந்தது சரி என்கிறார்களா என்று கேள். எழுதாமல் விட்டது என்ன என்றும் கேள். வாட்ஸ்அப் குழுவில் இரு, வீடு தேடவும் வேப்பிலை தேடவும் அது வேண்டும். குண்டு என்று வந்தால் மட்டும் பேப்பரைப் பார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் போகப்போகும் ஊரின் பத்திரிகையை என் போனில் எடுத்தோம். இம்ப்ரெசும் இருந்தது; ஆசிரியர் பெயர், உள்ளூர்ப் பிரிவுக்குப் பொறுப்பானவர் பெயர், தெரு, தொலைபேசி எல்லாம். உள்ளூர்ப் பக்கத்தில் முதல் செய்தி, ஆற்றில் நீர்மட்டம் குறைந்ததால் வயல்களுக்குத் தண்ணீர் எடுக்கத் தடை. அவள் போனைக் கையில் வாங்கி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு நீளமான சொல்லில் மாட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, காத்திருந்தேன். அவள் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனாள்.

உள்ளே படுத்திருந்த அம்மிச்சிக்குக் காது அவ்வளவாகக் கேட்காது. திண்ணையில் யாரோ தடுமாறித் தடுமாறிப் பேப்பர் படிக்கும் சத்தம் மட்டும் போயிருக்கிறது போல. அங்கிருந்தே கேட்டார்:

"என்ன போட்டிருக்கான் கண்ணு? தண்ணி உட்டுட்டானாமா?"